ஆறாவது பூ எதைத் தொடுகிறது?

ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள். ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. ஒரு பீட்டா சங்கிலியின் நீளம் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவதாக இருக்கவேண்டியது குளுட்டாமிக் அமிலம். அந்த இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்து, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அதே மாற்றம் பிள்ளைக்கு வந்துவிட்டால் கதிர் அரிவாள் ரத்தசோகை. சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன, எலும்பும் மூட்டும் வலியில் துடிக்கின்றன. மாறியது 146-இல் ஒன்றே ஒன்று.

இந்தியாவில் இந்த நோயின் கூறு முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்; 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் எழுதினார்கள். என்ன மாறியிருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1957-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம், குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் வேலின் இருக்கிறது என்று காட்டினார். எது மாறியது என்று தெரிந்துவிட்டது. ஏன் வளைகிறது? அதற்கு விடை சொல்ல வேறு ஒன்றைக் கேட்கவேண்டியிருந்தது: அந்த ஆறாவது ஆள் யாரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்?

புரத ஆராய்ச்சியில் இந்தக் கேள்விக்குத் தனி வேலையே உண்டு. தொடுகைகளைக் கணக்கெடுப்பது. கேட்க எளிது, செய்யப் போனால்தான் 'தொடுவது' என்ற சொல்லே வழுக்கும்.

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோகிறது. அது போக மிஞ்சி சங்கிலியில் நிற்பதை எச்சம் என்கிறார்கள். இலக்கண வகுப்பை மறக்காதவர்களுக்கு இந்தப் பெயர் பிடிக்கும். 'ஓடி' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார். 'வந்தான்' என்றோ 'விழுந்தாள்' என்றோ ஒரு வினை வந்து முடித்தாக வேண்டும். புரதத்து எச்சமும் அப்படித்தான், அதன் பக்கத்தில் வந்து நிற்பது யார் என்று தெரியும்வரை அதற்குப் பொருள் முடிவதில்லை.

பக்கத்தில் என்றால் சங்கிலியில் அடுத்ததா? இங்கேதான் முதல் குழப்பம். பூக்கடையில் மல்லிகைச் சரத்தைப் பந்தாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். முழம் போட்டு இழுக்கும்போது ஆறாவது பூவும் எண்பத்தைந்தாவது பூவும் எங்கோ எங்கோ இருக்கின்றன. பந்துக்குள் அவை இரண்டும் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு கிடந்திருக்கலாம். புரதமும் செல்லுக்குள் சுருண்டே வாழ்கிறது. ஒரு வித்தியாசம்: பூக்காரம்மா சுற்றும் பந்து ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி. புரதம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சுருள்கிறது. அதனால்தான் எந்தப் பூ எந்தப் பூவைத் தொடுகிறது என்று பட்டியல் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

பட்டியல் போடத் தேவையான தகவல் இலவசமாகக் கிடைக்கிறது. புரதத் தரவு வங்கி 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தொடங்கியபோது இருந்தவை ஏழு கட்டமைப்புகள். இன்று சோதனை வழியே கண்டறிந்தவை மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒரு கோப்பைத் திறந்தால் பெரிய ரகசியம் எதுவும் இருக்காது. வரிக்கு ஓர் அணு: அணுவின் பெயர், எந்த எச்சம், எந்தச் சங்கிலி, எத்தனையாவது, பிறகு மூன்று எண்கள். அந்த மூன்றும் அணு இருக்கும் இடம். அளவு ஆங்ஸ்ட்ராமில்; ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம்.

இனி பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை: ஓர் அணு (10, 4, 7)-இல், இன்னொன்று (12, 7, 13)-இல். வித்தியாசம் 2, 3, 6. வர்க்கங்கள் 4, 9, 36, கூட்டினால் 49, வர்க்கமூலம் 7. இரண்டுக்கும் நடுவே 7 ஆங்ஸ்ட்ராம்.

இவை தொடுகின்றனவா?

பாதிப் பேர் ஆம் என்பார்கள், பாதிப் பேர் இல்லை என்பார்கள், இரண்டு தரப்பும் சரியாகவே இருக்கும். ஒவ்வோர் எச்சத்துக்கும் முதுகெலும்பில் ஓர் ஆல்ஃபா கார்பன் உண்டு. பக்கவாட்டில் கிளைக்கும் பகுதியின் முதல் கார்பனுக்குப் பீட்டா கார்பன் என்று பெயர். பீட்டா கார்பன்கள் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்பது பரவலான ஒரு வழக்கம். கிளைசினுக்குப் பீட்டா கார்பன் கிடையாது, அதற்கு மட்டும் ஆல்ஃபாவை எடுத்துக்கொள்வார்கள். நம் இரண்டு அணுக்களும் பீட்டா கார்பன்கள் என்றால், இந்த வழக்கப்படி 7 தொடுகை. வேறு சிலர் ஹைட்ரஜன் நீங்கலாக எல்லா அணுக்களையும் பார்ப்பார்கள். இரண்டு எச்சங்களில் ஏதாவது ஒரு ஜோடி அணு 4.5 அல்லது 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால்தான் தொடுகை. நம் இரண்டு அணுக்கள்தான் இருப்பதிலேயே நெருங்கியவை என்றால், இந்த வழக்கப்படி 7 தேறாது.

ஹைட்ரஜனை ஏன் விடுகிறார்கள்? எக்ஸ்-கதிர் படிகப் படத்தில் பெரும்பாலும் அது தெரியாது, அவ்வளவுதான். தெரியாததை அளக்க முடியாது.

ஆக, தொடுகை என்பது கோப்புக்குள் எழுதிவைத்த உண்மை என்று நினைக்கவேண்டாம். கோப்பில் இருப்பது தூரம் மட்டுமே. எந்தத் தூரத்துக்குள் வந்தால் தொடுகை என்று கோடு போடுவது நாம். கோட்டை 5-இல் போட்டால் ஒரு கணக்கு, 8-இல் போட்டால் இன்னொரு கணக்கு.

இந்தக் கோடு போடும் சங்கதியில் சென்னைக்கு ஒரு பழைய பாத்தியதை இருக்கிறது. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய பின்னல் என்று சொன்னார்கள். தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம் அது. கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் குறுக்கே வந்தார்கள். பின்னலின் நுணுக்கங்களில் அவர்கள் கண்ட குறைகளில் முக்கியமானது: உங்கள் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று மிக நெருங்கிவிட்டன, இவ்வளவு நெருங்க இயற்கை விடாது. தொடுகை போதவில்லை என்று வந்த புகார் இல்லை இது, தொடுகை மிஞ்சிவிட்டது என்ற புகார்.

அப்படியானால் எவ்வளவு நெருங்க இயற்கை விடும்? ராமச்சந்திரன் இந்தக் கேள்வியைச் சும்மா விடவில்லை. அதுவரை வெளியாகியிருந்த சிறு மூலக்கூறுகளின் படிகங்களையெல்லாம் துருவி, எந்த இரண்டு அணு எவ்வளவு தூரம்வரை நெருங்கியிருக்கிறது என்று அவரும் உடனிருந்தவர்களும் அட்டவணை போட்டார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லை. ஒன்று வழக்கமானது, மற்றது மிஞ்சிப்போனால் இவ்வளவு. ஆக்ஸிஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் 2.7, மிஞ்சினால் 2.6. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, மிஞ்சினால் 1.9. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, புரத முதுகெலும்பின் இரண்டு திருப்பு கோணங்களை எப்படியெல்லாம் சுழற்றினால் அணுக்கள் மோதாது என்று கணக்கிட்டார்கள். 1963-இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவர் பெயரில் வந்தது அந்த வரைபடம். இன்று உலகில் யார் ஒரு புரதக் கட்டமைப்பை வெளியிட்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்காமல் விடுவதில்லை. எதிராளி சொன்ன குறையை அளந்துபார்க்கப் போய் ஒரு துறைக்கே அளவுகோல் கிடைத்த கதை இது. பாடப்புத்தகங்கள் வரைபடத்தை அச்சிடுகின்றன. அதன் அடியில் இருப்பது ஒரு தொடுதூர அட்டவணை என்பதைச் சொல்ல ஏனோ மறந்துவிடுகின்றன.

தூரங்களைக் கணக்கிட்டாயிற்று. அதை எப்படிப் பார்ப்பது? பழைய டைரிகளின் கடைசிப் பக்கங்களில் ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். சென்னை வரிசையும் மதுரை வரிசையும் சந்திக்கும் கட்டத்தில் கிலோமீட்டர். அந்த அட்டவணையில் ஊர்களுக்குப் பதில் எச்சங்களை எழுதுங்கள். நம் வரம்புக்குள் வரும் கட்டங்களுக்கு மட்டும் கறுப்பு அடியுங்கள். அதுதான் தொடுகை வரைபடம். பீட்டா சங்கிலி ஒன்றுக்கு மட்டும் 10,585 ஜோடிகள்; நான்கு சங்கிலிகளும் சேர்ந்த முழு ஹீமோகுளோபினுக்கு 574 எச்சங்கள், 1,64,451 ஜோடிகள். கணினிக்கு இது கண் சிமிட்டும் நேரத்து வேலை.

வரைபடத்தைப் புள்ளிக் கோலம் பார்ப்பதுபோல் பார்க்கப் பழகினால் புரதத்தின் உருவம் தெரிய ஆரம்பிக்கும். மூலைவிட்டத்தை ஒட்டி ஒரு தடித்த கரை ஓடினால் அங்கே சங்கிலி சுருளாக இருக்கிறது. ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 எச்சங்கள், ஆகவே ஒவ்வொன்றும் தனக்கு நான்காவதைத் தொடும். மூலைவிட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரு கோடு கிளம்பினால், சங்கிலி கொண்டை ஊசி வளைவில் திரும்பித் தன் பக்கத்திலேயே எதிர்த்திசையில் ஓடுகிறது. தள்ளி எங்கோ மூலைவிட்டத்துக்கு இணையாக ஒரு கோடு என்றால் இரண்டு இழைகள் ஒரே திசையில் பக்கம் பக்கமாகப் போகின்றன. ஹீமோகுளோபின் வரைபடத்தில் இந்தத் தள்ளிப்போன கோடுகளைத் தேடாதீர்கள். அது பெரும்பாலும் சுருள்களால் ஆனது. கரையும், சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாயும் இடங்களில் திட்டுத் திட்டான புள்ளிகளும்தான் இருக்கும்.

கறுப்புக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி உறவு இல்லை. சிஸ்டீன் இரண்டு கந்தகத்தால் பூட்டிக்கொண்டால் தூரம் 2 ஆங்ஸ்ட்ராம் சொச்சம். அது உண்மையிலேயே பூட்டு. ஹைட்ரஜன் பிணைப்பில் இரண்டு பக்கத்து அணுக்களுக்கும் நடுவே சுமார் 3. நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் 4-க்குள் நெருங்கினால் உப்புப் பாலம். இவை தவிர, தண்ணீரைப் பிடிக்காத பக்கக் கிளைகள் தண்ணீருக்கு ஒளிந்து ஒன்றாக ஒதுங்குவது ஒன்று உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் மிகவும் பலவீனம். கூட்டமாகச் சேர்ந்து புரதத்தைச் சுருட்டுவதில் பெரிய பங்கு இவற்றுக்குத்தான்.

ஹீமோகுளோபினுக்குத் திரும்புவோம். அதன் கட்டமைப்பைக் கண்டவர் மாக்ஸ் பெரூட்ஸ். 1962-இல் நோபல் பரிசு. ஆக்ஸிஜனோடு இருக்கும் வடிவம் ஒன்று, இறக்கிவிட்ட வடிவம் ஒன்று. இரண்டுக்கும் வரைபடம் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் இருப்பவைதான் மூச்சின் வேலை. இறக்கிவிட்ட வடிவத்தில் பீட்டா சங்கிலியின் கடைசி எச்சமான 146-ஆவது ஹிஸ்டிடின், அதே சங்கிலியின் 94-ஆவது அஸ்பார்ட்டிக் அமிலத்தோடு உப்புப் பாலம் போட்டிருக்கிறது. ஆக்ஸிஜன் ஏறினால் பாலம் அறுகிறது. இதுபோன்ற பாலங்கள் அறுவதையும் அமைவதையும் வைத்துத்தான் 1970-இல் பெரூட்ஸ் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதையும் விடுவதையும் விளக்கினார்.

இப்போது அந்த ஆறாவது இடம். பீட்டா சங்கிலியில் அது புரதத்தின் வெளிப்பக்கம், தண்ணீரைப் பார்த்தபடி. குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர் மின்னூட்டம் உண்டு. தண்ணீரோடு அதற்கு ஒத்துப்போகும். வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. வெளியே நிற்கிறது, ஒதுங்க இடம் தேடுகிறது. சொந்தச் சங்கிலியில் அதற்கு எட்டும்படி தோதான இடம் இல்லை. பக்கத்தில் மிதக்கும் இன்னொரு ஹீமோகுளோபினில் இருக்கிறது: அதன் பீட்டா சங்கிலியில் 85-ஆவது ஃபீனைல்அலனினும் 88-ஆவது லியூசினும் சேர்ந்து ஒரு சிறு குழி. இரண்டுமே தண்ணீர் ஆகாதவை. வேலின் அதற்குள் போய்ச் செருகிக்கொள்கிறது. அதாவது ஒரு சரத்தின் ஆறாவது பூ, இன்னொரு பந்தில் சுருண்ட சரத்தின் எண்பத்தைந்தாவது பூவைத் தொடுகிறது.

ஆக்ஸிஜன் இருக்கும்வரை அந்தக் குழியின் வடிவம் வேலினுக்கு வாகாக இல்லை. திசுக்களில் ஆக்ஸிஜனை இறக்கியதும் வாகாகிறது. அப்போது மூலக்கூறோடு மூலக்கூறு ஒட்டி இரட்டை இழையாகிறது, ஏழு இரட்டை இழைகள் சேர்ந்து பதினான்கு இழைக் கயிறாகிறது, கயிறு சிவப்பணுவை உள்ளிருந்து தள்ளி வளைக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறாவது இடத்து வேலின்கள் இரண்டு இருந்தாலும் இந்தச் செருகலில் ஒன்றுதான் வேலை செய்கிறது. ஒரு தொடுகை, அதுவும் பலவீனமான வகைத் தொடுகை.

இதில் ஒரு வேடிக்கை. படிகத்தில் புரதங்களை நெருக்கி அடுக்கும்போது பக்கத்து மூலக்கூறுகள் தற்செயலாக உரசும். தொடுகைக் கணக்கு எடுப்பவர்கள் அதையெல்லாம் 'படிகத்தால் வந்தது, உயிருக்குள் கிடையாது' என்று தள்ளிவிடுவதுதான் நல்ல பழக்கம். கதிர் அரிவாள் ஹீமோகுளோபின் படிகத்தில் அந்தப் பழக்கத்தின்படி தள்ளியிருந்தால் நோயையே தள்ளியிருப்போம். படிகத்தில் தெரிந்த அந்த இரட்டை இழைதான் நோயாளியின் சிவப்பணுவுக்குள் இருக்கும் கயிற்றின் அடிப்படை அலகு.

தொடுகை தெரிந்தால் அதைக் கலைக்கவும் வழி தேடலாம். குழிக்குப் பக்கத்திலேயே 87-ஆவது இடம். பெரியவர்களின் பீட்டா சங்கிலியில் அங்கே த்ரியோனைன். கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. அதில் அதே இடத்தில் குளுட்டமைன். அது இருந்தால் வேலின் செருக முடியாமல் இடிக்கிறது. இதைப் பார்த்து, 87-இல் மட்டும் குளுட்டமைன் வைத்த பீட்டா மரபணுவை நோயாளியின் சொந்த ரத்த மூலச் செல்களில் சேர்க்கும் சிகிச்சை ஒன்றை உருவாக்கினார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறிவித்த விலை 30 லட்சம் டாலருக்கு மேல். நீலகிரியின் மலைக் கிராமத்துக்கு இந்த விலையில் அது வரப்போவதில்லை.

தொடுகைகளை எண்ணுவதில் இன்னும் இரண்டு பயன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரத்தில் தொலைவில் இருப்பவை எவ்வளவு தொட்டுக்கொள்கின்றன என்பதைப் பொறுத்துப் புரதம் சுருளும் வேகம் மாறுகிறது. 1998-இல் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், டேவிட் பேக்கர் மூவரும் இதை ஒரு வாய்பாட்டில் காட்டினார்கள். 2001-இல் மைக்கேல் குரோமிஹாவும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் செல்வராஜும், குறைந்தது 12 எச்சங்கள் தள்ளியிருந்து ஆல்ஃபா கார்பன்கள் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரும் ஜோடிகளை மட்டும் எண்ணினாலே வேகத்தைக் கணிக்க முடியும் என்றார்கள். கவனியுங்கள்: எந்த அணு, எத்தனை தள்ளி, எவ்வளவு தூரம், மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் எண்ணினார்கள்.

இன்னொன்று, கட்டமைப்பே தெரியாமல் தொடுகையை ஊகிப்பது. நுகத்தில் பூட்டிய ஜோடியில் ஒரு மாட்டை மாற்றினால் மற்றதையும் அதற்கு ஈடாகப் பார்த்துப் பிடிக்கவேண்டியிருக்கும். பல உயிர்களின் ஒரே புரதத்தை வரிசையாக எழுதிவைத்துப் பார்க்கும்போது, ஓர் இடம் மாறியபோதெல்லாம் எங்கோ தள்ளி இன்னோர் இடமும் சேர்ந்து மாறியிருந்தால், இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். 1990-களில் தொடங்கிய இந்த யோசனை நீண்ட நாள் தடுமாறியது. பிறகு புள்ளியியலும் தரவும் வளர்ந்து, 2018-இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் தொடுகிறதா இல்லையா என்று நிறுத்திக்கொள்ளாமல் எவ்வளவு தூரம் என்றே கணித்தது. 2024-இன் வேதியியல் நோபல் பரிசு ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும், மேலே சொன்ன பேக்கருக்கும் போனதன் அடியில் இந்த ஜோடிமாட்டுக் கணக்கும் இருக்கிறது.

நீங்களே செய்துபார்க்க விரும்பினால் கதிர் அரிவாள் ஹீமோகுளோபினின் கோப்பு தரவு வங்கியில் 2எச்பிஎஸ் என்ற குறியீட்டில் கிடைக்கும். பைமால், சிமெரா போன்ற மென்பொருள் ஒன்றில் திறந்து பீட்டா சங்கிலியின் 6-க்குப் போங்கள். ஆறா ஏழா என்று குழம்பவேண்டாம். மரபணு ஆய்வறிக்கைகள் தொடக்கத்தில் வந்து வெட்டுப்படும் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால் அதே வேலினை ஏழாவது என்கின்றன. ஒரே எச்சத்துக்கு இரண்டு எண். தவறான எச்சத்தின் தொடுகைகளை நாளெல்லாம் எண்ணிவிட்டு மாலையில் தலையில் கைவைப்பவர்கள் உண்டு. கோப்பில் சில அணுக்கள் விடுபட்டிருக்கும், சில அணுக்களுக்கு இரண்டு இடம் கொடுத்திருப்பார்கள். எண்ணத் தொடங்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எங்காவது 'இந்தப் புரதத்தில் இத்தனை தொடுகைகள்' என்று படித்தால், எந்த அணுவிலிருந்து, எவ்வளவு தூரம்வரை என்று தேடுங்கள். அந்த இரண்டையும் எழுதாமல் விட்டிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.